மூணு செகண்டுக்கு ஒரு முகம்

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். லிஃப்ட்டுக்குள்ள ஏறி நின்னு, கதவு மூடற சத்தத்தைக் கேட்டே எந்த ரோலர் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பார்த்து ஒரு ஆஸ்பத்திரி, வேலை வேணும்னா முதல்ல பலூன் ஊதிக் காட்டுன்னு சொன்னா எனக்கு வயிறு எரியுமா எரியாதா? அதுவும் நிஜ பலூன் இல்லீங்க. போன்ல வர்ற பலூன்.

எரிஞ்சு என்ன பண்ண? இவர் இருந்த கம்பெனியை இழுத்து மூடி ஏழு மாசம் ஆச்சு. நான் முன் ரூம்ல தையல் மெஷின் போட்டு, பேன்ட் சுருக்கறது, ஜிப் மாத்தறது, திரைச்சீலை தைக்கறதுன்னு ஓட்டிட்டு இருக்கேன். இவர் எதிர்ல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவார். வீட்ல இருந்த கதவு, ஜன்னல், குழாய் எல்லாத்தையும் முதல் மாசமே சரி பண்ணி முடிச்சாச்சு. அப்புறம் கை சும்மா இருக்குமா? தினம் என் மெஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பிச்சார். ஒரு கஸ்டமரோட வெள்ளை பேன்ட்ல முழங்காலுக்குக் கீழ வட்டமா எண்ணெய்க் கறை. அந்தாளுக்கு நான் பதில் சொல்லி மாளல. இவர் நிதானமா, "மெஷின் இப்ப சத்தமே போடல பாரு"ன்னார்.

அன்னிக்குப் பூரா அவர் பேசினது அந்த ஒரு வாக்கியம்தான். சரியான கல்லுளிமங்கன்.

ஆஸ்பத்திரி வேலைக்கான விளம்பரத்தைக் கொண்டு வந்தது என் தம்பி. செல்போன் கடையில வேலை பாக்கறான், அதனால உலகத்துல அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லேன்னு நினைப்பு. விளம்பரத்துல ஒரு வரி இருந்தது. ஐம்பது வயசு தாண்டினவங்க விண்ணப்பிக்க வேண்டாமாம். இவருக்கு ஐம்பது ஆக ரெண்டே மாசம்தான் பாக்கி. இதை விட்டா அப்புறம் யார் கூப்பிடுவாங்க? ஆயுசு முழுக்க அந்த எதிர் நாற்காலிதான், என் மெஷினுக்கு எண்ணெய்தான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

"சர்டிபிகேட் எதுவும் வேணாமாம் அக்கா. போன்ல விளையாட்டு அனுப்புவாங்க. அதை ஆடற விதத்தை வெச்சே மாமா எப்படிப்பட்ட ஆளுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுடும்"னான் தம்பி.

"நான் இருபத்துமூணு வருஷமா கண்டுபிடிக்கல. அது கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லச் சொல்லு"ன்னேன்.

ஒத்திகை ஒரு தடவை ஆடிக்கலாம், நிஜ ஆட்டம் ஒரே தடவைதான். ஒத்திகைக்கு இவர் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு வந்து உக்காந்தார். முதல்ல பலூன். ஒரு பொத்தானை அமுக்க அமுக்க பலூன் பெருசாகும், பாயின்ட் ஏறும். எப்ப வெடிக்கும்னு தெரியாது. வெடிச்சா அந்தப் பலூனோட பாயின்ட் பூராவும் போச்சு. வெடிக்கறதுக்கு முன்னாடி "எடுத்துக்கொள்"னு இருக்கறதை அமுக்கிட்டா பாயின்ட் நமக்கு.

இவர் மூணு தடவை அமுக்குவார், எடுத்துக்குவார். அடுத்த பலூன். மூணு தடவை, எடுத்துக்குவார். பாத்துட்டு இருந்த தம்பிக்குக் கை பரபரக்குது.

"மாமா, இன்னும் அமுக்குங்க மாமா! எலுமிச்சம்பழம் சைஸ்கூட ஆகல!"

"எட்டு பேர் ஏறலாம்னு போட்டிருந்தா, ஆறு பேர் ஏறினதும் கதவைச் சாத்திடணும்"னார் இவர். முப்பது பலூன்ல ஒண்ணுகூட வெடிக்கல. பாயின்ட்டும் பெருசா ஏறல.

அடுத்தது முகம். ஸ்கிரீன்ல ஒரு முகம் மூணே செகண்ட் வந்துட்டுப் போகும். கீழ ஏழு பொத்தான் இருக்கும்: சந்தோஷம், சோகம், கோபம், பயம், அருவருப்பு, இளக்காரம், சாதாரணம். எதுவோ அதை அமுக்கணும். மொத்தம் முப்பது முகம். இவர் முப்பதுக்கும் "சாதாரணம்"னு அமுக்கிட்டு, போனைத் துடைச்சு மேஜை மேல வெச்சார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு அழுதுட்டு இருந்தாளே!"

"கண்ணுல தூசி விழுந்திருக்கும்."

"அந்தாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னானே?"

"பல்வலியா இருக்கும்."

முப்பதுக்குப் பதினஞ்சு. அதுவும் பாதி முகம் உண்மையிலயே சாதாரணமா இருந்ததால வந்த பதினஞ்சாம். தம்பி தலையில கை வெச்சுட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! கூடவே இருக்கற ஒரு மூஞ்சியை இத்தனை வருஷமா நிமிர்ந்து பாத்திருந்தா இப்படி ஆகுமா?

"நிஜ ஆட்டத்துல பலூனை நீங்க ஊதுங்க. முகத்தை நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். தம்பியும் சரின்னுட்டான். எல்லாரும் இப்படி ஆள் வெச்சுத்தான் ஆடறாங்களாம். எனக்கு இதுல ஒரு பயமும் இல்ல. அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? என்கிட்ட பேன்ட் எடுத்துட்டு வர்ற ஆளோட முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன், இது தொந்தி போட்டதால இறுகினது, பழியை என் தையல் மேல போடப் போறான்னு. முகம் படிக்கறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

ஆடினேன். ஒவ்வொரு முகமும் வந்த வேகத்துல டக்கு டக்குன்னு அமுக்கினேன். சில முகம் கல்லு மாதிரி ஒண்ணுமே காட்டாம இருந்தது. ஏமாந்தவங்களா இருந்தா சாதாரணம்னு அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. எனக்குத் தெரியாதா அந்தக் கல்லு மூஞ்சி? உதட்டோரம் ஒரு நூல் அளவு இழுத்துக்கிட்டு, 'நீயெல்லாம் ஒரு ஆளா'ன்னு பாக்கற பார்வை. இளக்காரம், இளக்காரம்னு அமுக்கித் தள்ளினேன்.

அஞ்சாம் நாள் மெசேஜ் வந்தது. முதல் சுற்றுல தேறிட்டார்.

பழைய கம்பெனியில இவரோட கூட வேலை பாத்தவர் ஒருத்தர், ஸ்பேனர்னு கூப்பிடுவாங்க, அவரும் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அவர் ஆட்டத்தை அவரோட மாமனார்கிட்ட கொடுத்திருக்கார். மாமனார் கோர்ட்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், ரொம்ப நிதானமான ஆள், நல்ல மார்க் வாங்கித் தருவார்னு நம்பிக்கை. "இவருக்கு வேலை செய்யும் விருப்பம் குறைவு, ஓய்வை நாடுகிறார்"னு பதில் வந்துச்சாம். ஸ்பேனர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் புலம்பினார். மாமனாரை நாலு வார்த்தை கேக்கவும் முடியலையாம், மதியச் சாப்பாட்டுக்கு மேல அவர் தூங்கிட்டு இருந்தாராம். நான் உள்ள போய்ச் சிரிச்சுட்டு வந்தேன்.

சிரிச்ச சிரிப்பு அடங்கறதுக்குள்ள எங்களுக்கும் வந்தது ஆப்பு. ரெண்டாவது சுற்று ஆஸ்பத்திரி ஆபீஸ்லயே நேர்ல. கேமரா முன்னாடி அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடணும்.

"ரெண்டு ஆட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க அக்கா"ன்னான் தம்பி. இப்பத்தான் முகம் வெளுத்துப் போய் நிக்கறான். "ஒத்துப் போகலேன்னா ஆள்மாறாட்டம்னு எழுதிடுவாங்க. அப்புறம் அந்தப் பேரை எங்கயும் சேர்க்க மாட்டாங்களாம்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியாடா?"

"நீதானே போனைப் புடுங்கினே!"

எட்டு நாள் இருந்தது. கடையைச் சாத்திட்டேன்னு சொல்லலாம். வந்த பேன்ட்டெல்லாம் மூட்டையா மூலையில கிடக்க, நான் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம். நான் முகத்தை மாத்தி மாத்திக் காட்டணும், அவர் சொல்லணும். கண்ணை உருட்டுவேன், "பயம்"ம்பார். மூக்கைச் சுருக்குவேன், "அருவருப்பு"ம்பார். நாலு நாள்ல பரவாயில்லன்னு ஆச்சு. நட்டு போல்ட்டு மாதிரி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் பிடிச்சுக்கிட்டார். புருவம் மேல போனா இது, கீழ வந்தா அதுன்னு ஒரு நோட்டுல படம் வேற போட்டார்.

கல்லு மூஞ்சிதான் தகராறு. அதை என்னால காட்ட முடியல, எனக்கு அப்படி ஒரு முகமே கிடையாது. அதனால கண்ணாடியை எடுத்து அவர் முன்னாடியே வெச்சேன்.

"இதோ, இதுதான். இது என்ன?"

"சாதாரணம்."

"இல்ல! நல்லாப் பாருங்க. இதுதான் இளக்காரம்."

கண்ணாடியை ரொம்ப நேரம் பாத்தார். "இது என் மூஞ்சி. நான் ஒண்ணும் நினைக்கலையே"ன்னார்.

"அதை என்கிட்ட விடுங்க. இந்த மாதிரி வந்தா இளக்காரம்னு அமுக்குங்க, அவ்வளவுதான்."

சரின்னு நோட்டுல எழுதிக்கிட்டார். எதிர்த்துப் பேசற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. மேனேஜர் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி செய்யற ஆள்.

ஏழாம் நாள் தொடர்ந்து பன்னிரண்டு முகம் சரியாச் சொன்னார். என்னால தாங்க முடியல. ஒரு வேலை கைக்கு வந்துட்ட மாதிரியே இருந்தது. அவர் என்னைப் பாத்தார், பதிமூணாவது முகம்னு நினைச்சுட்டார் போல.

"கோபம்"னார்.

"என்ன கோபம்? நான் சந்தோஷமா இருக்கேங்க!"

"இதுவா சந்தோஷம்?" நாற்காலியை விட்டு பாதி எந்திரிச்சுட்டார். "இந்த முகம் வந்தா நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு வெளியில போயிடுவேனே."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

நான் எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வெச்சேன். அடுப்புல வைக்க ஒண்ணும் இல்ல. ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி வெச்சேன். எத்தனை தடவை, ஒரு நல்ல விஷயம் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள இந்த மனுஷன் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருக்கார்! நானும் ஒவ்வொரு தடவையும், பாத்தியா, என்னை மதிக்கறானான்னு கறுவிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா மறுநாள் பரீட்சை. அழறதுக்கு அது நேரமில்ல.

ஆஸ்பத்திரி ஆபீஸ்ல காத்திருக்கற ரூம் நிறைய ஆளுங்க. ஒவ்வொருத்தரும் ஒரு கூத்து. ஒரு எலக்ட்ரீஷியன் சுவரைப் பாத்து நின்னு சிரிச்சுப் பழகறார். ஒரு பெயின்ட்டர் ரெண்டு கையையும் மடியில வெச்சு, கட்டை விரலை மட்டும் அமுக்கி அமுக்கி எடுக்கறார், பலூன் பயிற்சியாம். பக்கத்துல இருந்த வாட்ச்மேன் இவர் காதுக்கிட்ட வந்து ரகசியம் சொன்னார்.

"பத்தொன்பது தடவை அமுக்குங்க சார், அதுக்கு மேல போகாதீங்க. நடுவுல ரெண்டு பலூனை வேணும்னே வெடிக்க விடுங்க. ஒண்ணுமே வெடிக்கலேன்னா மனுஷனே இல்லேன்னு கம்ப்யூட்டர் எழுதிடும்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் அதைத்தான் சார் பண்றாங்க."

திரும்பிப் பாத்தா ரூம்ல எல்லாரும் தலையாட்டறாங்க. பதினேழு பேரும் பத்தொன்பது தடவை அமுக்கப் போறாங்க, பதினேழு பேரும் வேணும்னே ரெண்டு வெடிக்கப் போறாங்க. இவர் அதையும் மரியாதையாக் கேட்டுக்கிட்டு, "நான் மூணு"ன்னார். வாட்ச்மேன் ஐயோ பாவம்னு பாத்தார்.

உள்ள போனவர் அரை மணி நேரம் கழிச்சு வந்தார். எப்படி ஆடினீங்கன்னேன். "நோட்டுல இருந்தபடி"ன்னார்.

கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாங்க. என்னையும் எதுக்குக் கூப்பிடறாங்க? மாட்டிக்கிட்டோம்னே முடிவு பண்ணிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம், கண்ணாடி போட்டுக்கிட்டு, நல்ல களையான முகம். அவங்க முன்னாடி ரெண்டு காகிதம்.

"ரெண்டு சுற்றும் அச்சுல வார்த்த மாதிரி ஒத்துப் போகுது சார்"னாங்க. "இந்த அளவுக்கு யாருக்கும் ஒத்துப் போகல. பலூன்ல ஒண்ணுகூட வெடிக்கல. மத்தவங்கல்லாம் என்னவோ பேசி வெச்சுக்கிட்ட மாதிரி ஆடியிருக்காங்க. லிஃப்ட்டுக்கு இப்படிப்பட்ட ஜாக்கிரதையான கைதான் வேணும்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா முகத்துல ஒரு விஷயம். சாதாரண முகம் மட்டும் பதினஞ்சு வெச்சிருந்தோம். அதுல பதினாலை இவர் இளக்காரம்னு எடுத்திருக்கார். ரெண்டு தடவையும் பதினாலு." காகிதத்தைத் திருப்பிப் படிச்சாங்க. "எதிர்ல ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தாலே, தன்னை மட்டமா நினைக்கறாங்கன்னு எடுத்துக்கற சுபாவம். இவரோட கூட இருக்கறவங்களுக்கு ரொம்ப சிரமம்."

இவர் அந்தக் காகிதத்தையே பாத்துட்டு இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்ல. நான் காது வரைக்கும் சூடாகி உக்காந்திருந்தேன். பதினஞ்சுக்குப் பதினாலு. அடப் பாவி, அந்தப் பதினஞ்சு பேரும் சும்மாவா இருந்தாங்க?

மேடம் தொடர்ந்தாங்க. "அதனால ஆறு பேர் சேர்ந்து வேலை செய்யற டீம்ல போட முடியாது. ஆனா தனியா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி செக் பண்ற வேலை ஒண்ணு இருக்கு. நாள் பூரா யார்கிட்டயும் பேச வேண்டியிருக்காது. சம்மதமா சார்?"

கரும்பு தின்னக் கூலியான்னு கேக்கணும். இவர் வாழ்க்கையில கேட்ட ஒரே வரம் அதுதான். தலையை மட்டும் ஆட்டினார்.

"தனியா இறங்கற வேலைங்கறதால வீட்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாகணும்." மேடம் என் பக்கம் திரும்பினாங்க. "அம்மா, இந்த ரிப்போர்ட் சொல்ற மாதிரிதானா இவர்? இல்லேன்னு சொன்னா ரிப்போர்ட் தப்புன்னு அர்த்தம். முதல்லேர்ந்து எல்லா ஆட்டமும் திரும்ப ஆடணும். மறைக்காம சொல்லுங்க."

திரும்ப ஆடினா எல்லாம் கந்தல். ரெண்டு மாசமும் ஓடிப் போயிடும். நான் வாயைத் திறந்தேன்.

"ஆமா மேடம். அப்படித்தான் இவர்."

"ஏதாவது ஒரு சம்பவம் சொல்ல முடியுமா?"

சம்பவத்துக்கா பஞ்சம்? ஆளை மட்டும் மாத்திச் சொன்னாப் போதுமே. என் தம்பி கல்யாணத்துக்கு நான் தேடித் தேடி ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிட்டு வந்தேன். இவர் அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம நின்னார். நாலு நாள் நான் அவரோட பேசல. அதை எடுத்தேன்.

"என் தம்பி கல்யாணத்துக்கு மேடம், இவர் ஒரு கடிகாரம் வாங்கிட்டு வந்தார். நான் பாத்துட்டு நின்னேன். அவ்வளவுதான். 'என் ரசனை உனக்கு அவ்வளவு கேவலமாப் போச்சா'ன்னு கத்தினார் மேடம். சொந்தக்காரங்க முன்னாடி. நாலு நாள் பேசல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். நான் சும்மாதான் நின்னேன். நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நின்னேன்." அதுக்கு மேல எனக்கே தெரியாம வார்த்தை வருது. "ஜன்னலைப் பாத்தா தப்பு, தரையைப் பாத்தா தப்பு. வேலை போய் வீட்ல உக்காந்திருந்தப்ப, எங்க உக்கார்றதுன்னு தெரியாமத்தான் எதிர்ல போய் உக்காந்தேன். அதுக்கும் சண்டை. இருபத்துமூணு வருஷமா நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும் மேடம்? சத்தியமா நான் சும்மாதான் இருந்தேன்."

சொல்லி முடிச்சு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். வேலை போனது இவருக்குங்கறதைக்கூட மறந்து, எனக்குப் போன மாதிரி சொல்லிட்டேன். நல்ல வேளை, மேடம் கவனிக்கல. அவங்க கண்ணும் கலங்கியிருந்தது. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிட்டு, இவரை ஒரு முறை முறைச்சாங்க பாருங்க, அது எந்த முகம்னு சொல்ல எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

"இருபத்துமூணு வருஷம்"னாங்க. "இந்த மாதிரி ஒரு ஆளோட எப்படிம்மா காலம் தள்ளினீங்க?"

எனக்குத் தெரியாதே. நான் எங்க தள்ளினேன்? டிஷ்யூவைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"அது ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்." இவர்தான். கேட்காம வாயைத் திறந்து நான் பாத்ததே இல்ல. "வாய்தான் அப்படி. மனசு தங்கம். கூட இருந்து பாத்தாத்தான் தெரியும்."

மேடம் பேனாவைக் கீழ வெச்சாங்க. "சார், உங்களைப் பத்தி நீங்களே சர்டிபிகேட் கொடுத்துக்க வேண்டாம். நான் அவங்களைத்தான் கேட்டேன்."

"அவர் சொன்னதையே எழுதிக்குங்க மேடம்"னு சொல்லிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.